சுறாவின் நான்கு மஞ்சள் கோடுகள்

அந்தக் கார்க் கொட்டகையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பூனை. வந்தது தெரியாது, போனது தெரியாது. திரும்பிப் பார்த்தால் கையில் துணியோடு பின்னால் நின்றுகொண்டிருப்பாள். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அதே கொட்டகையின் அலுவலக அறையில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய சொந்த அக்காதான். "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாயைத்தான் குடுத்து அனுப்பினாங்க. பெரியவங்கிற உரிமையில அதை நான் எடுத்துக்கிட்டேன்" என்பாள் அக்கா. பூனை தரையைப் பார்த்துச் சிரிப்பாள்.

வாய் இல்லாததால்தான் படிப்பும் இல்லாமல் போனது. ஏழாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். அவளுக்கு வாசிக்கத் தெரியும், மனசுக்குள் கடகடவென்று ஓடும். ஆனால் நாற்பது தலைகள் திரும்பியதும் தொண்டையை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல ஆகிவிட்டது. அன்று நின்றாள், மறுநாளும் நின்றாள், அதற்கு மறுநாளும் நின்றாள். நான்காம் நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்தவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. புட்டி கழுவும் ஆலையில் சில வருடம், விடுதிப் படுக்கைவிரிப்புகளை மடிப்பதில் சில வருடம். முப்பதைத் தாண்டிய பிறகு அக்கா இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். ஆறு வருடமாக இதுதான் வேலை: துடைப்பது.

கொட்டகை என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் அது ஒரு ஆஸ்பத்திரி மாதிரி. வெள்ளைத் தரை, ஜன்னல் கிடையாது, வெயிலோ மழையோ உள்ளே ஒரே குளிர். வெளியே பறப்பதை நிறுத்திவிட்ட ஒரு பழைய விமான ஓடுபாதை. பெரிய மனிதர்களின் கார்கள் இருபத்து மூன்று, போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாகத் தூங்கும். அவற்றைத் தொட சில விதிகள் உண்டு. மோதிரம் கூடாது, வளையல் கூடாது, பொத்தான் வைத்த சட்டை கூடாது. நான்கு நிறத்தில் நான்கு துணி: உடம்புக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, தோல் இருக்கைக்கு ஒன்று. ஒரு துணி தரையில் விழுந்தால் அது அன்றோடு காருக்கு ஆகாது. பூனையின் கையிலிருந்து துணி விழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

இருபத்து மூன்றில் இரண்டுக்கு மட்டும் தனி மரியாதை. இரண்டும் பிரிட்டனில் செய்தவை, இரண்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே உலகத்தில் இருப்பவை. ஒன்றை ஒல்லி என்பார்கள், மற்றதைச் சுறா என்பார்கள்.

ஒல்லி ஆயிரம் கிலோகூட எடை இல்லாதது. ஓட்டுகிறவர் நட்டநடுவில் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். மொத்தம் நூறுதான் செய்தார்கள். சுறா கறுப்பு, பின்னால் ஆள் படுத்துத் தூங்குமளவுக்கு ஒரு இறக்கை. பெட்ரோல் இயந்திரம் போதாதென்று மின்மோட்டாரும் உண்டு. செய்தது இருபத்தைந்தே இருபத்தைந்து. எது உசத்தி என்பதில் தேநீர் நேரத்தில் தினமும் ஒரு போர் நடக்கும். சுறாவின் கட்சி ஓட்டுநர். கார்களுக்கு உடம்பு மரத்துப்போகாமல் ஓடுபாதையில் ஓட்டிக் காட்டுவது அவன் வேலை; சக்கரம் கழற்றி மாட்டுவதும் அவனே. ஒல்லியின் கட்சி மெக்கானிக் அண்ணன்.

"ரெண்டரை செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகம்ணே. உங்க ஒல்லி செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பறதுக்குள்ள சுறா ஊர் போய்ச் சேர்ந்திடும்."

"போய்ச் சேர்ந்து என்ன பண்ணும்? சும்மா உறுமத்தான் தெரியும். ஒல்லி பன்னிரண்டு சிலிண்டரும் பாட்டுப் பாடுதுடா. கையால கியர் போடற கடைசித் தலைமுறை. இனிமே இப்படி ஒண்ணை எவன் செய்யப் போறான்?"

"நூறு பேர்கிட்ட இருக்கறது பெருசா, இருபத்தஞ்சு பேர்கிட்ட இருக்கறது பெருசா? பூனை அக்கா, நீங்க சொல்லுங்க."

பூனை சொல்லமாட்டாள். அவளுக்கு இரண்டையும் கண்டால் பயம். சுறாவின் முன்பக்கம் எப்போதும் வாயைத் திறந்துகொண்டு இருப்பது பயம். ஒல்லியின் பெயின்ட் மெல்லிசாக இருப்பது பயம்.

விற்பனைக்கு வந்திருந்த அந்த இரண்டில் ஒன்றை வாங்கிக்கொள்ள ஒரு அம்மா வருவதாகச் செய்தி வந்ததிலிருந்து மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. தூசி இருக்கக்கூடாது, கறை இருக்கக்கூடாது என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னார். சொன்னதோடு விட்டாரா? கார் நிறுத்தும் இடங்களுக்குப் புதிதாக மஞ்சள் கோடு போடச் சொன்னார். போட்ட பெயின்ட் காய்வதற்குள் கார்களை நகர்த்தவும் சொன்னார். சக்கரங்களிலும் சக்கரக் குழிகளிலும் மஞ்சள் மஞ்சளாய்த் தெறித்தது. மூன்று நாள் பூனை பழைய பல்துலக்கும் பிரஷையும் தின்னரையும் வைத்துக்கொண்டு மஞ்சளைத் தேடித் தேடி எடுத்தாள். கண்ணை மூடினாலும் மஞ்சளாகவே தெரிந்தது.

அம்மா வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் சுறாவின் இடது பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. மெக்கானிக் அண்ணன் சக்கரத்தின் சாய்வைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், ஒல்லியின் பேட்டரி செத்துவிட்டது என்று மேலாளர் அலறியதும் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார். பூனை போய்க் குந்தினாள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கையை அவர்கள் ஆர்ம் என்பார்கள். அதில் நான்கு நட்டு. நான்கின் மேலும் மஞ்சளாக ஒவ்வொரு தீற்றல். 'இங்கேயுமா?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தின்னரில் துணியை நனைத்தாள். நாலும் பளிச்சென்று ஆயின.

சாயங்காலம் ஓட்டுநர் சக்கரத்தை மாட்ட வந்தான். அண்ணன் பேட்டரி வாங்க டவுனுக்குப் போயிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"மாட்டிடலாமாண்ணே?"

"ஆர்ம்ல நாலு நட்டு இருக்கும் பாரு. ஒண்ணைத் தளர்த்தினேன், திருப்பி இறுக்கிட்டேன்னுதான் நெனப்பு. எதுக்கும் கோட்டைப் பாரு. உடைஞ்ச கோடு இருந்தா தொடாதே, நான் வந்து பாத்துக்கறேன்."

ஓட்டுநர் எட்டிப் பார்த்தான். "உடைஞ்ச கோடு ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப மாட்டு."

பூனை அடுத்த காரின் கண்ணாடியைத் துடைத்தபடி இதை ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். கேட்டாளே தவிர, கோடு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கும் வழக்கமும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தட்டைச் செருப்பு, பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி. கூட மதிப்பீட்டாளர். கழுத்தில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. முதலில் ஒல்லியை லிஃப்டில் தூக்கி அடியில் நின்று பார்த்தார்கள். மெக்கானிக் அண்ணன் டார்ச் பிடித்தார். எங்காவது எண்ணெய் சொட்டினால் துடைக்க வேண்டும் என்று பூனையை இரண்டடி பின்னால் நிறுத்தியிருந்தார் மேலாளர்.

"வேகத்துல சுறாதான் மேல, அதுல பேச்சே இல்ல" என்றார் மதிப்பீட்டாளர். "எண்ணிக்கையும் கம்மி. ஆனா சேகரிக்கறவங்க வேகத்தை வாங்கறதில்லம்மா. கை படாததை வாங்கறாங்க. இதோ, இந்த நட்டுமேல மஞ்சளா ஒரு கோடு தெரியுதா?"

பூனையின் கண் தானாக மேலே போனது.

"தொழிற்சாலையில இதை இறுக்கின ஆள், இறுக்கி முடிச்ச கையோட போட்ட அடையாளம். நட்டுலயும் பாதி, ஆர்ம்லயும் பாதி. நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைஞ்சு ரெண்டாத் தெரியும். பெயின்ட்டைத் திருப்பி அடிச்சுக்கலாம், தோலைத் திருப்பித் தைச்சுக்கலாம். இந்தக் கோட்டை மட்டும் திருப்பிப் போட முடியாது. சுறாவுலயும் இருக்கணும். ஓட்டிட்டு வந்ததும் பாத்திடலாம்."

பூனை நேற்று பார்த்தது கார்ப் பெயின்ட் இல்லை, தரைப் பெயின்ட் இல்லை, கை படாததற்குச் சாட்சி. அதைத்தான் அவள் தின்னர்த் துணியால் தேய்த்து எடுத்திருக்கிறாள். துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகு வந்தது. நேற்று துடைத்த நான்கு தீற்றலும் கண்முன் வந்து நின்றன. மூன்று நேராக இருந்தன. நான்காவது நடுவில் விலகி, தையல் பொருந்தாத ரவிக்கைத் தோள் மாதிரி, ஒரு பாதி மேலே ஒரு பாதி கீழே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் துடைத்தாள். 'உடைஞ்ச கோடு ஒண்ணும் இல்லண்ணே.' எப்படி இருக்கும்? கோடே இல்லையே. அப்படியானால் அந்த நட்டு?

அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் அவரைச் சுற்றி மூன்று பேர். மேலாளர் 'என்ன?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். பூனை பின்னாலேயே நடந்து, திரும்பி, அலுவலக அறைக்கு ஓடினாள்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அக்கா தட்டச்சிலிருந்து தலையைத் தூக்கினாள். "கீறிட்டியா?"

"துடைச்சிட்டேன்."

"அதுக்குத்தானேடி சம்பளம் குடுக்கறாங்க?"

பூனை மூச்சு வாங்கிக்கொண்டு பாதி சொன்னாள். அக்காவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நாலுமா? தொழிற்சாலை அடையாளம் எல்லாம் இருக்குன்னு இந்தக் கோப்புல நான்தான் டைப் அடிச்சு வெச்சிருக்கேன். போச்சு, ரெண்டு பேர் வேலையும் போச்சு. உன் வீட்டுக்காரர் முதுகுவலின்னு படுத்துக் கிடக்கார், என் வீட்டுல மூணு படிக்குது. மூச்சு விடாதே. தரைக்கு அடிச்ச மஞ்சள் மிச்சம் இருக்குல்ல? வண்டி திரும்பி வந்ததும் நான் அவங்களைப் பேச்சுல பிடிச்சு வெக்கறேன். நீ போய் நாலு தீத்து தீத்திடு."

"நட்டு, அக்கா."

"என்ன நட்டு?"

"ஒண்ணு லூஸா இருக்கு."

"நீ என்ன மெக்கானிக்கா? அண்ணன் பாத்திருப்பாரு, அந்த ஓட்டுநர் பாத்திருப்பான். நீ என்னத்தைக் கண்டே?"

"அவங்க கோட்டைத்தான் பாத்தாங்க. கோட்டையே நான் அழிச்சிட்டேன்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கொட்டகையின் அந்தக் கோடியில் சுறா விழித்துக்கொண்ட சத்தம் சுவர்களை உலுக்கியது. மேஜைமேல் இருந்த தேநீர்க் குவளை கிடுகிடுவென்று ஆடியது. அக்கா பூனையின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போகாதேடி. உன்னால அவங்க முன்னாடி பேச முடியாது. நின்னு முழிப்பே. வீணா மாட்டிக்குவே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பூனை கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

கார் வெளியே போகுமுன் கடைசியாக ஒரு வேலை உண்டு. ஓட்டுநர் உட்கார்ந்த பிறகு முன்கண்ணாடியைப் பூனை ஒரு முறை துடைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவள் விலகினால்தான் கார் நகரும். ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அந்த அம்மா. ஷட்டர் மேலே ஏறிவிட்டது. வெளியே ஓடுபாதை வெயிலில் முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. வாசலில் மேலாளரும் மதிப்பீட்டாளரும். அண்ணன் அப்போதுதான் கை துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இவ எங்க போனா? சீக்கிரம், சீக்கிரம்" என்றார் மேலாளர்.

பூனை துணியைக் கண்ணாடியில் வைத்தாள். இடமிருந்து வலம் துடைத்தாள். வலமிருந்து இடம் துடைத்தாள். விலகவில்லை. மறுபடியும் இடமிருந்து வலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தைக் காட்டப்போகிறேன் என்று காலையில்தான் ஓட்டுநர் சொல்லியிருந்தான்.

அவன் தலையை வெளியே நீட்டினான். "போதும்க்கா. கண்ணாடி தேஞ்சிடும்."

துடைத்தாள்.

"என்ன பண்றே? தள்ளு" என்று மேலாளர் அதட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. ஐந்து தலைதான், அவளுக்கு நாற்பதாகத் தெரிந்தது. அதே கயிறு, அதே தொண்டை. இயந்திரத்தின் அதிர்வு துணி வழியாக உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது. பேச வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது, சொல் மட்டும் வரவில்லை. மேலாளர் அவள் தோளைத் தொட்டுத் தள்ள வந்தார். அப்போது அவள் கையிலிருந்து துணி நழுவித் தரையில் விழுந்தது.

மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்தார். ஆறு வருடத்தில் விழாத துணி.

"நிறுத்துங்க" என்றார் அவர். "பூனை, என்ன?"

"கழட்டுங்க" என்றாள். காற்றுக்கும் கேட்காத குரல். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக: "சக்கரத்தைக் கழட்டுங்க. நட்டு. கோடு உடைஞ்சுதான் இருந்துச்சு. நான் துடைச்சிட்டேன்."

"என்ன உளர்றா?" என்றார் மேலாளர். ஆனால் அண்ணனின் முகம் பேயறைந்ததுபோல ஆகியிருந்தது. அவர் கையை வீசினார். சுறா அடங்கியது.

சக்கரம் கழன்று வருவதற்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் பூனை சுவரோரம் நின்று, நட்டு இறுக்கமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தாள். தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்றும் பயந்தாள். எதற்கு அதிகம் பயந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா வந்து பக்கத்தில் நின்றாள்.

போதுமான இறுக்கம் இருந்தால் 'டக்' என்று சொல்லும் அளவுச் சாவியை அண்ணன் முதல் நட்டில் வைத்து இழுத்தார். 'டக்'. இரண்டாவது, 'டக்'. மூன்றாவது, 'டக்'. நான்காவதில் சாவி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே போனது. அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டியின் மூடிபோலத் திரும்பியது.

ஓட்டுநர் ஹெல்மெட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "உடைஞ்ச கோடு இல்லன்னு நானே சொன்னேனே" என்றான், யாரிடம் என்றில்லாமல். அந்த அம்மா பையிலிருந்த புட்டியை எடுத்து, திறக்க முடியாமல், அக்காவிடம் நீட்டினார்.

மதிப்பீட்டாளர் குனிந்து நான்கு நட்டையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். உயிர் போக இருந்தது வேறு விஷயம், தன் வேலை வேறு விஷயம் என்பதுபோல எழுதிக்கொண்டார். "நாலு அடையாளமும் இல்ல. யார் எடுத்தது, எப்போ, எதனால, எல்லாம் கோப்புல ஏறணும். இல்லாட்டி நாளைக்கு வாங்கறவன் விபத்து வண்டின்னு சந்தேகப்படுவான்."

மேலாளருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "இந்த நிமிஷமே வெளியே போ" என்று பூனையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அப்ப நானும் போறேன்" என்றார் அண்ணன். "தளர்த்தினவன் நான். தளர்த்தினது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கோட்டுக்குக் கோடு சேர்த்து இறுக்கப் பாத்தவனும் நான். பாதியில விட்டுட்டு ஓடச் சொன்னது நீங்க. ஈர பெயின்ட்டுமேல வண்டியை ஏத்தச் சொன்னதும் நீங்க. வரிசையா எல்லாரும் போயிட்டா ஷட்டரை யார் சாத்தறது?"

மேலாளர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா ஒல்லியைத்தான் எடுத்துக்கொண்டார். வேகம், எண்ணிக்கை, பாட்டு எதைப்பற்றியும் பேசவில்லை. "அந்தக் கறுப்புல மறுபடி ஏற என் முழங்கால் ஒத்துக்காது. இதைக் குடுங்க" என்றார், அவ்வளவுதான். போகும்போது பூனையின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தவர், அவள் தரையைப் பார்த்து நிற்பதைக் கண்டு, சும்மா அவள் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா சுறாவின் கோப்பைத் திறந்து, காலையில் இருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். 'இடது பின் ஆர்மில் நான்கு தொழிற்சாலை அடையாளங்கள் தவறுதலாகத் துடைக்கப்பட்டன.' துடைத்தவர் என்ற இடத்தில் விரலை நிறுத்தினாள்.

"உன் பேரைப் போடணும்டி. முழுப் பேரு."

"போடு."

அக்கா போட்டாள். பள்ளிக்கூடப் பதிவேட்டையும் ரேஷன் அட்டையையும் தவிர எங்கும் ஏறாத பெயர், அந்தக் கார் உலகத்தில் எத்தனை கை மாறினாலும் கூடவே போகப்போகும் தாளில் ஏறியது. பூனை அதை எட்டிப் பார்த்தாள். மனசுக்குள் வாசித்தாள். பெருமையாக எல்லாம் இல்லை, இன்னும் யாரோ திட்டப்போகிறார்கள் என்றே இருந்தது. நாளைக்கு வரலாமா என்று கேட்டதற்கு மேலாளர், "வா, வராம எங்க போவே" என்றிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்தது. அதன் முன்சக்கரத்தில் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பிளாஸ்டிக்கில் சின்ன முக்கோணம். இத்தனை வருடம் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தாள்; இதுவும் கோடு மாதிரிதான், நட்டு திரும்பினால் கூடவே திரும்பும். இரண்டிரண்டாக முனைக்கு முனை பார்த்தபடி இருந்தன. பூனை குனிந்தாள். பத்தையும் எண்ணினாள். எட்டு, ஜோடி ஜோடியாகச் சேர்ந்திருந்தன. மிச்ச இரண்டில் ஒன்றின் முனை கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. இல்லை, தன் கண்தான் கெட்டுவிட்டதோ? மறுபடி பார்த்தாள்.

"ஏம்மா, ஏறப்போறியா, டயர்கிட்ட குசலம் விசாரிக்கறியா?" என்று பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். ஜன்னல்களில் தலைகள் திரும்பின.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். வழக்கம்போல அவளுக்குப் பதிலாகப் பேச வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"அண்ணே" என்றாள் பூனை. குரல் பாதியில் உடைந்தது. "கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க."